தாம்பூலத்தன்று நான் படித்துக்காட்டிய பதிவு

வலைப்பூ ஆரம்பிக்கிறவனுக்கு இரண்டு பயம் உண்டு. யாருமே படிக்கமாட்டார்களோ என்பது ஒன்று. யாராவது படித்துத் தொலைத்துவிட்டார்களோ என்பது இன்னொன்று. முதல் பயத்தில் ஆள் இளைப்பான். இரண்டாவதில் ஆளே இருக்கமாட்டான். நான் இரண்டையும் ஒரே வருஷத்தில் அனுபவித்தவன். இன்றைக்கும் போனில் 'டிங்' என்று சத்தம் வந்தால் என் இடது கண் தானாகத் துடிக்கும்.

சித்தூரில் ஒரு மாம்பழக்கூழ் கம்பெனியின் லேபில் எனக்கு வேலை. கூழை ஒரு கரண்டி எடுத்து, இனிப்பு எவ்வளவு, புளிப்பு எவ்வளவு என்று மெஷினில் பார்த்துச் சொல்லவேண்டும். மாம்பழ சீசன் முடிந்தால் மெஷினும் சும்மா இருக்கும், நானும் சும்மா இருப்பேன். அப்படிச் சும்மா இருந்த ஒரு மத்தியானத்தில்தான் எழுத்தாளன் ஆகிவிடுவது என்று முடிவெடுத்தேன். (வேறு யாரும் அந்த முடிவை எடுக்கச் சொல்லவில்லை.) வலைப்பூவுக்கு 'மாங்கொட்டை' என்று பெயர் வைத்தேன்.

பெயர் வைப்பது சுலபம். உள்ளே என்ன போடுவது? முதல் பதிவு, 'மாம்பழக்கூழில் புளிப்பின் பங்கு'. இரண்டாவது, 'அதிகாலையில் எழுவதன் நன்மைகள்'. (எழுதி முடித்தபோது காலை பதினோரு மணி.) மூன்றாவதற்கு விஷயமே கிடைக்காமல், 'விஷயம் கிடைக்காதபோது என்ன எழுதுவது' என்று எழுதினேன். பார்வையாளர் எண்ணிக்கை மெதுவாக ஏறிக்கொண்டே இருந்தது. நான் ஒவ்வொரு தடவை திறந்து பார்க்கும்போதும் அது ஒன்று ஏறுகிறது என்று பிற்பாடுதான் புரிந்தது.

சரி, ஊருக்குத் தெரியவில்லை, தெரியப்படுத்துவோம் என்று இறங்கினேன். இருக்கிற எல்லா வாட்ஸப் குரூப்பிலும் இணைப்பைப் போட்டேன். சொந்தக்காரர்கள் குரூப்பில் ஒரு தாத்தா காலமான செய்தி வந்திருந்தது. அதற்குக் கீழே 'அதிகாலையில் எழுவதன் நன்மைகள்' போய் விழுந்தது. குரூப்பைவிட்டு எடுத்துவிட்டார்கள். ஊர்த் திருவிழா நடத்தும் ஜாத்திரை கமிட்டி குரூப்பிலும் அப்படியே. கடைசியில் வலைப்பூ முகவரியைச் சின்னச் சின்னச் சீட்டாக அச்சடித்து, சித்தூர்–திருப்பதி பஸ்ஸில் சீட்டுக்குப் பின்னால் ஒட்டினேன். கண்டக்டர் பார்த்துவிட்டார். சந்திரகிரி வரும்வரை நகத்தால் சுரண்டிக்கொண்டே வந்தேன்.

லேபில் என்னுடன் வேலை செய்கிற குமரேசன் குடியாத்தத்துக்காரன். என் வலைப்பூவின் ஒரே வாசகன் அவன்தான். (பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்ததால் தப்பிக்க முடியவில்லை.) அவன்தான் அந்த நாசமாய்ப்போன யோசனையைச் சொன்னான்.

"கூழப் பத்தி எவன்டா படிப்பான்? உனுக்கு நடந்தத எழுது. நீ அசிங்கப்பட்டத எழுது. ஜனங்க அத்ததான் தேடித்தேடிப் படிப்பாங்கோ."

அசிங்கப்பட அதிகம் காத்திருக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருப்பதியில் எனக்குப் பெண் பார்க்கப் போனோம்.

பெண்ணின் அப்பா முனிரத்தினம், பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் டிபன் சென்டர் வைத்திருக்கிறார். கடைக்குப் பின்னாலேயே வீடு. நாங்கள் கடை வழியாக நுழைந்தபோது அவர் பரோட்டா மாவை அடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கை இருக்கிறதே, அதைப்பற்றி ஒரு பாராவாவது எழுதியாகவேண்டும் என்று அந்த நிமிஷமே தோன்றிவிட்டது. (பயத்தில் எனக்கு எழுத்து நடை நன்றாக வரும்.) பெண் பெயர் ஹேமாவதி, ஆஸ்பத்திரியில் நர்ஸ். "பொண்ணுகிட்ட இன்னா கேக்கணுமோ கேளுங்க மாப்ள" என்றார்கள். நான் தரையைப் பார்த்தபடி, "இங்க வெய்யில் ஜாஸ்தியா?" என்று கேட்டேன். "ஆமா" என்று பதில் வந்தது. பேட்டி முடிந்தது, பெண் உள்ளே போய்விட்டாள். எழுந்தபோதுதான் ஈரத்துண்டின்மேல் உட்கார்ந்திருந்தேன் என்று தெரிந்தது. உள்ளறையிலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. கையால் வாயைப் பொத்தியும் பொத்த முடியாத சிரிப்பு. எனக்கு அந்த இடத்திலேயே சம்மதம்.

அவர்களுக்கும் சம்மதம் என்று இரண்டு நாளில் செய்தி வந்தது. ஒரே ஒரு விஷயத்தில்தான் இழுபறி. கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலையை விட்டுவிட்டு சித்தூருக்கு வந்துவிடவேண்டும் என்று என் அம்மா சொல்லியிருந்தாள். தாம்பூலம் மாற்றும் அன்று பேசிக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் தள்ளிவைத்தார்கள்.

நான் பதிவு எழுத உட்கார்ந்தேன்.

எனக்குப் பயமே இல்லை. காரணம் உண்டு. எங்கள் பக்கத்தில் வாய் தமிழ், கண் தெலுங்கு. வீட்டில் தமிழ் பேசுவார்கள், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு படிப்பார்கள். என் நைனா (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) ஏர் ஓட்டும்போது மாட்டைத் தமிழில் திட்டுவார், பத்திரிகையைத் தெலுங்கில் படிப்பார். எங்கள் நிலத்துக்கு எதிரில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம் இருந்ததால்தான் நான் தமிழ் படித்தவன். முனிரத்தினம் குடும்பத்தில் ஒருவருக்கும் தமிழ் எழுத்து தெரியாது என்று தரகரே சொல்லியிருந்தார். அப்புறம் என்ன? கதவைச் சாத்திக்கொண்டு பாத்ரூமில் பாடுகிறவன் தைரியம் எனக்கு வந்துவிட்டது.

கையைப்பற்றி ஒரு பாரா. கேசரியைப்பற்றி ஒரு பாரா. எங்கள் நிலத்துப் போர்வெல் ஆழம்வரை விசாரித்த பெண்ணின் பெரியம்மாவைப்பற்றி ஒன்று, உட்கார்ந்தபடியே தூங்கிய அவளுடைய சித்தப்பாவைப்பற்றி ஒன்று. கடைசியில் அந்தச் சிரிப்பு. 'இந்தச் சிரிப்பைத் தினம் கேட்கலாம் என்றால் அந்தக் கையால் ஒரு அறை வாங்கலாம்' என்று முடித்தேன். பெயர் எதுவும் போடவில்லை. ஆனால் படம் போட்டால் கூட்டம் வரும் என்று எங்கேயோ படித்திருந்தேன். யாரும் பார்க்காதபோது நைசாக எடுத்த கேசரித் தட்டின் படத்தைச் சேர்த்தேன். தட்டுக்குப் பின்னால் முனிரத்தினம் வீட்டு மயில் போட்ட திரைச்சீலையும், அவருடைய பாதி மீசையும் இருந்தன. திருப்பதியிலும் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையிலும் வேலை பார்க்கிற தமிழ்நாட்டுக்காரர்கள் குரூப் ஒன்றில் அதைப் போட்டுவிட்டுத் தூங்கப்போனேன்.

காலையில் ஜனம் கொட்டிக்கிடந்தது. வேலூர், அரக்கோணம், குவைத் என்று எங்கெங்கிருந்தோ படித்திருந்தார்கள். அன்றைக்கு நான் கூழை மெஷினில் வைக்கும்போதுகூட ஒரு பிரபலத்தின் தோரணையில் வைத்தேன். போன் அடித்தது. முனிரத்தினம்.

"மாப்ள, நீங்க எங்க ஊட்டப் பத்தி என்னமோ எழுதிக்கீறீங்களாமே."

கரண்டி கீழே விழுந்தது.

"கடைல ஒரு கஸ்டமர் காமிச்சாரு. எங்க ஊட்டு மயில் கர்ட்டன், என் மீச, அல்லாம் கீது. எல்லாரும் படிச்சிட்டு சிரிச்சிக்கினே கீறாங்கோ. இன்னா எழுதிக்கீறாருன்னு கேட்டா, 'உங்க மாப்ளயவே கேளுங்க'ன்றாரு. எங்களுக்குத்தான் தமிழ் படிக்க வராதே."

"சும்மா... நல்ல விதமா..."

"தெரியும் மாப்ள. நல்ல விதமாத்தான் எழுதிருப்பீங்க. எங்க வம்சத்துல யாரு போட்டோவும் இப்படி வந்ததே இல்ல. தாம்பூலத்தன்னிக்கு அய்யரு லக்ன பத்திரிகை படிப்பாரு இல்ல? அது முடிஞ்ச ஒடனே நீங்க இத்த எல்லாருக்கும் படிச்சிக் காட்டிடுங்க. பலமனேர்லருந்துகூட ஜனம் வருது."

போனை வைத்துவிட்டார். எனக்கு மட்டும் அந்த மாவு அடிக்கிற சத்தம் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

அன்றிலிருந்து நான் பட்ட பாடு. எந்த எண்ணிக்கை ஏறவேண்டும் என்று பஸ் சீட்டில் சீட்டு ஒட்டினேனோ, அது ஏற ஏற நான் போனைக் கவிழ்த்துக் கவிழ்த்து வைத்தேன். பின்னூட்டங்கள் வேறு. 'யார் அந்த மாமனார், கடை எங்கே, சொல்லுங்க, போய்ப் பார்க்கணும்' என்று ஒருவர். 'கேசரிக்காகவே போகலாம்' என்று இன்னொருவர். ஏழுமலையானிடம், "சாமி, என் எழுத்தை யாரும் படிக்காமப் பாத்துக்கோ" என்று வேண்டிக்கொண்ட முதல் எழுத்தாளன் நானாகத்தான் இருக்கவேண்டும். பதிவை அழித்தேன். குமரேசன் நிதானமாகச் சொன்னான்: "ஸ்கிரீன்ஷாட் ஊரு பூரா பூட்ச்சி. இப்ப அழிச்சா, ஏன் அழிச்சான்னு இன்னும் நாலு பேர் தேடுவான்."

"இப்ப இன்னாடா பண்றது?"

"அவங்களுக்குத்தான் படிக்கத் தெரியாதே. வேற ஒண்ண எழுதி மனப்பாடம் பண்ணிக்கினு, போனப் பாத்துப் படிக்கிறமாரி சொல்லிடு."

அதுவும் அவன் யோசனைதான். வேறு வழியில்லை. பாராவுக்குப் பாரா புகழ்மாலை ஒன்று கட்டினேன். கூழ் டாங்க் முன்னால் நின்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். பாய்லர் ஆபரேட்டர், பாவம், எனக்குக் காற்று கருப்பு ஏதோ பிடித்திருக்கிறது என்று என் நைனாவுக்குப் போன் செய்துவிட்டார்.

தாம்பூலத்தன்று திருப்பதி வீட்டு ஹாலில் ஜமக்காளம் விரித்து ஒரு கல்யாணக் கூட்டமே உட்கார்ந்திருந்தது. ஒரு பக்கம் நானும் நைனாவும் அம்மாவும். குமரேசன் வாசல் ஓரமாக உட்கார்ந்தான். (காற்று வருகிறது என்று காரணம் சொன்னான்.) அய்யர் லக்ன பத்திரிகையைத் தெலுங்கில் ராகமாகப் படித்து முடித்தார். முனிரத்தினம் எழுந்து நின்றார்.

"இப்ப எங்க மாப்ள, எங்க ஊட்டப் பத்தி எழுதினத படிப்பாரு. அல்லாரும் கம்முனு கேளுங்க."

நான் என் போனை எடுத்தேன். அதில் புகழ்மாலை தயாராக இருந்தது. அவர் தடுத்தார்.

"அது சின்ன போனு மாப்ள. இதுல படிங்க. கஸ்டமர் அனுப்பினது அப்டியே கீது. என் பக்கத்துல உக்காருங்க, நானும் பாத்துக்கினே கேக்கறேன்."

அவருடைய பெரிய போனை என் கையில் வைத்தார். திரையில் ஒரிஜினல். இரண்டு விரலால் இழுத்து எழுத்தைப் பெரிதாக்கியும் கொடுத்தார். நான் மனப்பாடம் செய்திருந்த புகழ்மாலை அந்த நிமிஷமே மண்டையைவிட்டு ஆவியாகிப் போனது.

திரையில், 'அவர் மாவை அடிப்பதைப் பார்த்தால் மாவுக்கும் அவருக்கும் ஏதோ பூர்வஜென்மப் பகை என்று தோன்றும்' என்று இருந்தது. நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அது ஊருக்கே டிபன் போடற கை" என்று படித்தேன். முனிரத்தினம் தன் கையைத் தானே ஒருதரம் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

அடுத்து, 'கேசரியில் ஸ்பூனை நட்டுவிட்டுக் கையை எடுத்தேன். கொடிக்கம்பம் மாதிரி நின்றது.' நான் படித்தேன்: "கேசரியை வாயில் வைத்ததும் அது எங்கே போனது என்றே தெரியவில்லை." பெண்கள் பக்கத்தில் சப்புக்கொட்டினார்கள். பரவாயில்லை, கரை சேர்ந்துவிடுவோம் என்று தோன்ற ஆரம்பித்தது.

பெரியம்மா பாராவில்தான் மாட்டிக்கொண்டேன். 'இன்னும் ஐந்து நிமிஷம் விட்டிருந்தால் என் பல்லை எண்ணியிருப்பார்' என்பதை, "அந்த வீட்டில் ஒரு பெரியம்மா. பெற்ற தாய்போல விசாரித்தார்" என்று படித்தேன். பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதோடு விட்டிருக்கலாம்.

"என்னப் பத்தினத இன்னொரு தபா படிங்க மாப்ள. இவரு காதுல வுழல."

நான் என்ன சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. "அந்த வீட்டின் மகாலட்சுமி, பெரியம்மா" என்றேன்.

"மொத தபா மகாலட்சுமின்னு வர்லியே" என்றார் பக்கத்தில் ஒருவர்.

"அது... அவசரத்துல வுட்டுட்டேன்."

"அப்ப நிதானமா ஒரு தபா படிங்க. நானு ரெக்கார்டு பண்ணிக்கிறேன்" என்றாள் பெரியம்மா.

மூன்றாவது தடவை அவளை அலமேலுமங்கைத் தாயார் ஆக்கிவிட்டேன். சித்தப்பா விழித்துக்கொண்டு, "நான் எங்க வரேன்?" என்று கேட்டார். முனிரத்தினத்தின் புருவம் ஒன்று மேலே போனது. அவர் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஒரே வரிதான கீது மாப்ள இந்த எடத்துல. நீங்க இவ்ளோ நேரம் படிக்கிறீங்க."

அப்போதுதான் உள்ளறை வாசலிலிருந்து அந்தக் குரல் வந்தது.

"பெரியம்மா பாரா அது இல்ல. கேசரிக்குக் கீழ கீது. அவரு ஒரு பாரா தாண்டிப் பூட்டாரு."

ஹேமாவதி. கையில் அவளுடைய போன். நான் முதல்தடவையாக நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன். பார்த்திருக்கக்கூடாது. அந்த முகத்தில் எல்லாம் தெரிந்திருந்தது.

"உனுக்கு ஏதுடி தமிழ்?" என்றார் முனிரத்தினம்.

"வேலூர்ல நாலு வருசம் நர்சிங் படிச்சேனே நைனா. ஆஸ்டல்ல கூட இருந்த பொண்ணுங்க கத்துக்குடுத்தாங்கோ."

வேலூரில் படித்த பெண் என்று தரகர் முதல்நாளே சொல்லியிருந்தார். வெய்யிலைப்பற்றிக் கேட்பதற்குப் பதிலாக, வேலூரைப்பற்றிக் கேட்டிருக்கலாம். வாசல் பக்கம் திரும்பினேன். குமரேசன் ஒற்றைச் செருப்பை மாட்டிவிட்டு இன்னொன்றைத் தேடிக்கொண்டிருந்தான்.

"அவருக்குத் தொண்ட காஞ்சிப்போச்சி. நானே படிக்கிறேன்" என்று அவள் நடு ஹாலுக்கு வந்து போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். முனிரத்தினத்தின் அந்தக் கை எனக்கு ஒரு முழம் தூரத்தில் அவர் தொடைமேல் இருந்தது. நான் கன்னத்தை மனதளவில் தயார் செய்தேன். ஒரு கல்யாணம் போச்சு, நைனாவின் மரியாதை போச்சு என்று வரிசையாக விட்டுக்கொடுத்துக்கொண்டே வந்தேன். அந்தச் சிரிப்பை மட்டும் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

அவள் படிக்க ஆரம்பித்தாள்.

"'நான் ஒரு பயந்தாங்கொள்ளி. பொண்ணுகிட்ட பேசச் சொன்னா வெய்யிலப் பத்திப் பேசினேன். ஈரத் துண்டுமேல உக்காந்துட்டு, எழுந்துக்கும்போது முழிச்சேன்.'"

ஹாலில் சிரிப்பு. நான் அப்படி எழுதவே இல்லை.

"'யாருக்கும் தெரியாம தட்டப் போட்டோ எடுத்தேன். பொண்ணு ஜன்னல் வழியாப் பாத்துக்கினுதான் இருந்தா.'"

(இது எனக்கே செய்தி.)

அவள் குரல் மாறவே இல்லை. ஊசி போடுகிற நர்ஸ் மாதிரி நிதானம். "'எங்க அம்மா பொண்ண வேலைய வுடச்சொல்றாங்கோ. எனக்கு அதுல இஷ்டமில்ல. அந்தப் பொண்ணு ராத்திரி டூட்டி பாத்து சம்பாரிச்ச வேல அது. திருப்பதியிலயே ஊடு பாத்துக்கலாம். சித்தூருக்கு நான் பஸ்ல போய்வந்துக்கிறேன்.'"

அம்மா என் பக்கம் திரும்பினாள். "அப்டியாடா எழுதிக்கீற?"

ஹேமாவதி போனிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள். ஆமாம் என்றால் தினம் பஸ். இல்லை என்றால் ஒரிஜினல். ஆனால் அவள் விரல்கள் போனை இறுக்கிப் பிடித்திருந்ததையும் பார்த்தேன். பயந்துகொண்டிருந்தது நான் ஒருவன் மட்டும் இல்லை.

"ஆமாம்மா" என்றேன். "அப்டித்தான் எழுதிக்கீறேன்." அன்றைக்கு நான் சொன்னதில் நடுங்காமல் சொன்னது அது ஒன்றுதான்.

அம்மா நைனாவைப் பார்த்தாள். நைனாதான், "புள்ள எழுதியே வெச்சிட்டான், அப்பால இன்னா பேசறது, தட்ட மாத்துங்க" என்றார். தட்டை நீட்டப்போன நேரத்தில் ஹேமாவதி, "இன்னும் ஒரு வரி கீது" என்றாள்.

"'கல்யாணத்துக்கு அப்பால, ஞாயித்துக்கெயமன்னா, மாமனார் கடைல வந்து வெங்காயம் அரிஞ்சி குடுப்பேன்.'"

முனிரத்தினம் அந்தக் கையைத் தூக்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அது என் முதுகில் வந்து விழுந்தது. பாசத்தில்தான். அந்தப் பாசத்தின் வலி கல்யாணம்வரை இருந்தது.

கல்யாணம் முடிந்து திருச்சானூர் பக்கம் வாடகை வீட்டுக்குக் குடிபோன அன்று, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு ஹேமாவிடம் கேட்டேன், எல்லாம் தெரிந்தும் ஏன் காப்பாற்றினாய் என்று.

"யாரு உங்கள காப்பாத்தினாங்கோ? எனுக்கு வேல நெலச்சிது" என்றாள். கொஞ்சம் கழித்து, "கடசில என் சிரிப்பப் பத்தி ஒரு வரி எழுதிருந்தீங்க இல்ல, அத்த மட்டும் நான் யாருக்கும் படிச்சிக் காட்டல" என்றாள்.

எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் நான் எதையாவது படிக்க வாயைத் திறந்தால், யாராவது ஒருவர் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து முன்னால் வைப்பார். கல்யாணப் பத்திரிகையானாலும் சரி, மாத்திரை அட்டையானாலும் சரி. "மாப்ள ஒரு வரியப் படிச்சா மூணு விதமா வரும், எது வேணுமோ எடுத்துக்கலாம்" என்பாள் பெரியம்மா. அலமேலுமங்கைத் தாயார் ரெக்கார்டிங்கை அவள் அழிக்கவே இல்லை.

'மாங்கொட்டை'யில் இப்போதும் எழுதுகிறேன். எண்ணிக்கை ஏறுகிறதா என்று பார்ப்பதில்லை. எனக்குப் பயம் வேறு இடத்தில். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையில் கூட்டம் குறைந்ததும், ஹேமா அந்த வாரப் பதிவைக் குடும்பத்துக்குப் படித்துக்காட்டுவாள். நான் சமையல்கட்டில் வெங்காயம் அரிந்துகொண்டிருப்பேன். சரியாகக் காதில் விழாது. நான் எழுதாத இடங்களில் எல்லாம் சிரிப்புச் சத்தம் வரும்.

போன வாரம் 'பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு பிடிப்பது எப்படி' என்று ஒரு பதிவு போட்டிருந்தேன். படித்து முடித்ததும் முனிரத்தினம் எழுந்து சமையல்கட்டுக்கு வந்தார். கண் கலங்கியிருந்தது. வெங்காயமாக இருக்கும் என்று நினைத்தேன். என் தோளில் கை வைத்தார்.

"மாடி பூரா நீங்களே பெயிண்ட் அடிச்சித் தரேன்னு எழுதிக்கீறீங்களே மாப்ள. ரொம்ப சந்தோசம்."

என்ன கலர் என்று எழுதியிருக்கிறேன் என்பதை ஹேமாவிடம்தான் கேட்கவேண்டும்.